விடியுமுன் கேட்கிற குரல்

2019 நவம்பர் 18, திங்கள். கலிலேயா

கிழக்கே கோலான் மேட்டுக்குப் பின்னால் வானம் வெளுத்த பிறகும் ஏரி கறுப்பாகவே கிடந்தது. வேதாகமம் இதைக் கடல் என்று சொல்கிறது. உண்மையில் இது நன்னீர் ஏரி, கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே ஒரு பள்ளத்தில் தேங்கி நிற்கிறது. கரையில் கூழாங்கற்கள் மேல் எங்கள் குழு உட்கார்ந்திருந்தது. போதகர் கைபேசி வெளிச்சத்தில் யோவான் 21ஆம் அதிகாரத்தை வாசித்தார். இரவு முழுவதும் வலை போட்டு ஒன்றும் அகப்படாத இயேசுவின் சீஷர்கள் ஏழு பேர், விடிகிற வேளை, கரையில் யாரோ ஒருவர். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. இடையே இருநூறு முழம் தூரம் என்று யோவான் கணக்கும் சொல்கிறார், அதாவது ஏறத்தாழ 90 மீட்டர்.

வாசிப்பு நடந்துகொண்டிருந்தபோதே தண்ணீரில் பேச்சுக்குரல் கேட்டது. இரண்டு மூன்று ஆண்கள், அரபு மொழி, நடுவே ஒரு சிரிப்பு. பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துத் தேடினேன், எதுவும் தெரியவில்லை. நன்றாக வெளுத்த பிறகுதான் படகு கண்ணில் பட்டது. நான் நினைத்ததைவிட மிகத் தொலைவில் நின்றிருந்தது. காற்றில்லாத நேரத்தில் நீர்ப்பரப்பு குரலை எவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்க்கிறது! சீஷர்களுக்கும் அன்று முதலில் கிடைத்தது குரல் மட்டும்தான். முகம் தெரியாத ஒருவர் வலப்புறம் வலையைப் போடச் சொன்னார், போட்டார்கள். உயிர்த்தெழுந்த இயேசு என்று ஆளை அடையாளம் கண்டது அதற்குப் பிறகு.

பகலில் கப்பர்நகூம். அங்குள்ள ஜெப ஆலயத்தின் இடிபாடு வெள்ளைச் சுண்ணாம்புக் கல். இயேசு போதித்த கட்டடம் அது அல்ல, சில நூற்றாண்டுகள் பிற்பட்டது. ஆனால் அதன் அடியில் கறுப்பு எரிமலைக் கல்லாலான பழைய அடித்தளம் ஒன்று தெரிகிறது. அதுதான் இயேசுவின் காலத்து ஆலயமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். வழிகாட்டி அதைக் காட்டியபோது எங்களில் பாதிப்பேர் வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 19, செவ்வாய். யோர்தான்

பஸ்ஸிலேயே பெரும்பகுதி போய்விட்டது. எழுத அதிகமில்லை, ஒன்றைத் தவிர.

ஞானஸ்நானம் நடந்ததாகச் சொல்லப்படும் கஸ்ர் எல் யஹூதுக்குப் போகும் சாலையின் இருபுறமும் முள்வேலி. வேலியில் மஞ்சள் பலகைகள்: கண்ணிவெடி, ஆபத்து. 1967 போருக்குப் பிறகு புதைக்கப்பட்டவை. அப்படியே கைவிடப்பட்ட மடாலயங்கள் வேலிக்கு அப்பால் நிற்கின்றன; அவற்றைச் சுற்றியுள்ள வெடிகளை அகற்றும் வேலை 2018இல்தான் தொடங்கியது. சாலை முடியும் இடத்தில் வெள்ளை அங்கி அணிந்த மக்கள் பாடிக்கொண்டே கலங்கிய ஆற்றில் இறங்குகிறார்கள். சில மீட்டர் எதிரே அடுத்த நாடு. இரு கரையிலும் துப்பாக்கி ஏந்திய வீரர்கள்.

குழுவில் ஒருவர், இவ்வளவு புனிதமான இடத்தை இப்படி வைத்திருக்கிறார்களே என்று நொந்துகொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஞானஸ்நானம் முடிந்த கையோடு இயேசு போனது வனாந்தரத்துக்கு, சோதனைக்காரனிடம். வானத்திலிருந்து குரல் வந்த பிறகும் இவ்வுலகத்தில் கண்ணிவெடிகள் இருந்தன.

எரிகோவில் பஸ் நின்றது கழிப்பறைக்காகத்தான். இங்கே வழியோரம் உட்கார்ந்து இயேசுவைக் கூப்பிட்ட குருடன் பர்திமேயுவை நினைத்துக்கொண்டேன், அவ்வளவே.

நவம்பர் 20, புதன். பெத்லகேம்

எருசலேமிலிருந்து பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவில் சுவர் இருக்கிறது. 2002இல் கட்டத் தொடங்கிய தடுப்பு. பெத்லகேம் பக்கம் அது எட்டு மீட்டர் உயரக் கான்கிரீட். எங்கள் இஸ்ரேலிய வழிகாட்டி அந்தப் பகுதிக்குள் வரக் கூடாது என்பதால் இறங்கிக்கொண்டார். உள்ளே பாலஸ்தீனக் கிறிஸ்தவர் ஒருவர் ஏறினார். நாங்கள் ஐந்து நிமிடத்தில் கடந்த அந்த வாசலைக் கடக்க அவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அது எப்போதும் கிடைப்பதுமில்லை. அதை அவர் புகாராகச் சொல்லவில்லை. யாரோ கேட்டதால் சொன்னார், சொல்லிவிட்டு உடனே தேவாலயத்தின் வரலாற்றுக்குப் போய்விட்டார்.

கிறிஸ்து பிறப்பு ஆலயத்தின் வாசல் ஏறக்குறைய நான்கு அடி உயரம். பெரிய வளைவாக இருந்ததை அடைத்து அடைத்துச் சிறிதாக்கியிருக்கிறார்கள். பழைய வளைவின் தடம் சுவரில் இன்னும் தெரிகிறது. குதிரையில் ஏறியபடியே எவரும் நுழையாதிருக்க என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். குனியாமல் யாரும் போக முடியாது. "தாழ்மையின் வாசல்" என்று போதகர் விளக்கத் தொடங்கியபோதே பின்னால் வந்த ஒருவர் தலையை இடித்துக்கொண்டார். விளக்கம் அதோடு நின்றது.

பீடத்துக்குக் கீழே குகை. பதினான்கு முனையுள்ள வெள்ளி நட்சத்திரம் பளிங்குத் தரையில் பதிக்கப்பட்டிருக்கிறது. இதே இடத்தில் இருந்த நட்சத்திரம் 1847இல் காணாமல்போய், அந்தச் சச்சரவு கிரிமியப் போருக்கு வழிவகுத்த காரணங்களில் ஒன்றானது. சமாதானப் பிரபு பிறந்த இடத்து நட்சத்திரத்தை வைத்து வல்லரசுகள் மோதிக்கொண்டன! பக்கத்துக் குகைகளில்தான் ஜெரோம் பல ஆண்டுகள் தங்கி வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்தார். வெளிச்சமே நுழையாத இடத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலையாகத்தான் அது இருந்திருக்கும்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அக்கா. வாழ்நாளின் பெரும்பகுதியைக் கண் மருத்துவமனை வார்டில் கழித்தவர். கையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. அவருடைய சபை மக்கள் ஜெபிக்கச் சொல்லிக் கொடுத்த பெயர்கள் அதில் இருக்கின்றன. குகையில் அதைத் திறந்தார். கூட்டம் நெருக்கித் தள்ளியதில் மூடிவிட்டார்.

நவம்பர் 21, வியாழன். சீலோவாம்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

எசேக்கியா ராஜாவின் சுரங்கம் 533 மீட்டர் நீளம். அசீரியப் படை வரும் என்ற அச்சத்தில், நகரத்துக்கு வெளியே இருந்த கீகோன் ஊற்றின் தண்ணீரை மலைக்குள் துளைத்து நகருக்குள் கொண்டுவந்தார்கள். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதி. இருபத்தேழு நூற்றாண்டுகள் கழிந்தும் தண்ணீர் ஓடுகிறது, அதில் நடந்து போகலாம். தொடக்கத்தில் தொடை வரை சில்லென்ற நீர், பிறகு முழங்காலுக்குக் கீழே. சில இடங்களில் இரண்டு தோளும் பாறையில் உரசும். சில இடங்களில் கூனிப்போக வேண்டும். முழங்கால் வலியால் அக்கா வரவில்லை. மேலே உலர்ந்த வழியாக இறங்கி மறுமுனையில் காத்திருப்பதாகச் சொன்னார்.

பாதி வழியில் போதகர் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார். அணைத்தோம். கண்ணைத் திறந்து வைத்திருக்கிறோமா மூடி வைத்திருக்கிறோமா என்று நமக்கே தெரியாத இருட்டு அது. தண்ணீரின் சத்தம், முன்னால் யாரோ மூச்சு விடும் சத்தம். சிறிது நேரத்தில் ஒரு சிறுவன் பயந்து "அப்பா" என்றான். "இங்கேதான் இருக்கிறேன்" என்று பதில் வந்தது. அதன் பிறகு அவன் பேசவில்லை. விளக்கு இன்னும் போடப்படவில்லை, ஆனாலும் அவன் பயம் போய்விட்டது.

1880இல் இந்தச் சுரங்கச் சுவரில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார்கள். இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அரசன் பெயர் இல்லை, வெற்றி முழக்கம் இல்லை. வேலையாட்களின் கதைதான் இருக்கிறது. இரண்டு குழுக்கள் இரண்டு முனையிலிருந்தும் பாறையை வெட்டிக்கொண்டே வந்தார்கள். இன்னும் மூன்று முழம் மீதியிருந்தபோது அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிடும் குரல் கேட்டது. குரலை நோக்கி வெட்டினார்கள். கோடரிக்கு எதிரே கோடரி வந்து சந்தித்தது, தண்ணீர் பாய்ந்தது. சந்தித்த இடம் இன்றும் தெரிகிறது: பாறையில் உளித் தடங்கள் அங்கே திசை மாறுகின்றன. அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் வந்தவர்கள் நகரச் சொன்னார்கள்.

வெளியே வந்தால் சூரியன் கண்ணைக் குத்துகிறது. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால், 2004இல் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது தற்செயலாக வெளிப்பட்ட பழைய குளத்தின் கல் படிகள். பிறவிக்குருடனான மனிதனைக் கழுவச் சொல்லி இயேசு அனுப்பிய சீலோவாம் குளம் இதுதான். படியில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

யோவான் 9ஆம் அதிகாரத்தை வாசித்தோம். எத்தனையோ முறை கேட்ட பகுதி. இயேசு அந்த மனிதனின் கண்ணில் சேற்றைப் பூசுகிறார். ஏற்கெனவே தெரியாத கண், அதன் மேல் சேறு வேறு. போய்க் கழுவு என்கிறார். அவன் பார்வை இல்லாமலேயே இவ்வளவு தூரம் இறங்கி வர வேண்டும். பார்வை வந்தபோது இயேசு அருகில் இல்லை. ஆக, தன்னைக் குணமாக்கியவரை அவன் பார்த்ததே இல்லை. குரலை மட்டும் கேட்டிருக்கிறான்.

அப்போது அக்கா சொன்னார்: "எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன் தம்பி. பிறந்ததிலிருந்தே கண்ணில் புரை இருந்தவர்களுக்குப் பெரியவர்களான பிறகு அறுவைச் சிகிச்சை செய்தால், கட்டு அவிழ்த்த உடனே எல்லாம் தெரிந்துவிடும் என்று நாம் நினைப்போம். வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும். ஆனால் எதிரே நிற்பது அம்மாவா, டாக்டரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியாது. அம்மா பேசினால்தான் 'ஓ, அம்மா' என்பார்கள். பார்க்கக் கற்றுக்கொள்ளவே நாள் பிடிக்கும்."

அதிகாரத்தின் முடிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவனைச் சபையிலிருந்து தள்ளிவிட்ட செய்தியைக் கேட்டு இயேசுவே அவனைத் தேடிப் போகிறார். தேவனுடைய குமாரன் யார் என்று அவன் கேட்கிறான். "நீ அவரைக் கண்டிருக்கிறாய், உன்னுடனே பேசுகிறவர் அவர்தான்" என்கிறார். இத்தனை ஆண்டுகளில் இரண்டாவது பாதியை நான் கவனித்ததே இல்லை. புதுக்கண் உள்ளவனுக்கு, அவனுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒன்றை அடையாளமாகக் கொடுக்கிறார்.

விசுவாசம் என்றால் வெளிச்சம் வந்து இருள் போய்விடுவது என்றுதான் சாட்சிக் கூட்டங்களில் கேட்டு வளர்ந்தவன் நான். நேற்றுவரை இருள், இன்று ஒளி, அல்லேலூயா. என் வாழ்க்கையில் அப்படி நடக்கவில்லை. இருள் பல ஆண்டு அப்படியே இருந்தது; அதற்குள் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் நிச்சயமாக இருந்தது. அது குறைப்பட்ட விசுவாசமோ என்ற சந்தேகம் எனக்கு இருந்துவந்தது. சீலோவாம் படியில் அந்தச் சந்தேகத்தை இறக்கி வைத்தேன்.

மாலையில் இரண்டு ஆலயங்கள். பிடிபட்ட இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனேயில் உள்ள சகல தேசத்தார் ஆலயம், 1924இல் அபிஷேகம் செய்யப்பட்டது. அதைக் கட்டிய பார்லுட்சி ஜன்னல்களுக்கு ஊதா நிறக் கல்தகடுகளைப் போட்டிருக்கிறார். பட்டப்பகலிலும் உள்ளே இரவு. ஆலயங்கள் எல்லாம் வெளிச்சத்துக்காக ஏங்கும்போது, வேண்டுமென்றே இருளைக் கட்டிவைத்த ஒரு கட்டடக் கலைஞர்! எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த கட்டடம் இதுதான்.

அடுத்தது பேதுரு இயேசுவை மறுதலித்தபோது சேவல் கூவிய இடம், பேதுருவின் ஆலயம். கூரையில் பொன்னிறச் சேவல். அடித்தளத்தில் பாறையில் குடைந்த ஒரு குழி. இயேசுவை அன்றிரவு அதில் அடைத்து வைத்தார்கள் என்பது மரபு. குழிக்குள் ஒரு தாங்கியில் 88ஆம் சங்கீதம் பல மொழிகளில் இருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியிலாவது துதிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பும். இது திரும்பாது, இருளிலேயே முடிந்துவிடும். வாசித்து முடித்த பிறகு யாருக்கும் பாடத் தோன்றவில்லை. பாடாததற்காகப் போதகருக்கு நன்றி.

நவம்பர் 22, வெள்ளி. யாத் வஷேம்

நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான எருசலேம் நினைவகம் இது. பட்டியலில் இந்த இடம் வேண்டுமா என்று குழுவில் வாதம் நடந்தது. இது சுற்றுலா, துக்க வீடு அல்ல என்றார் ஒருவர். வாக்கெடுப்பு இல்லாமல் போதகர் முடிவு செய்தார்.

நாஜிகள் கொன்ற யூதக் குழந்தைகள் ஏறத்தாழ 15 லட்சம் பேர். அவர்களுக்கான நினைவிடம் தரைக்குக் கீழே இருக்கிறது. உள்ளே முழு இருட்டு; கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். சில மெழுகுவர்த்திகள்தான் எரிகின்றன, கண்ணாடிகளில் பட்டு அவை எண்ணற்ற சுடர்களாகத் தெரிகின்றன. ஒரு குரல் பெயர்களை வாசிக்கிறது: பெயர், வயது, நாடு. அடுத்த பெயர், வயது, நாடு. மூன்று வயது. ஒன்பது வயது. நிற்பதே இல்லை.

நேற்றுச் சுரங்கத்தில் "அப்பா" என்றவனுக்குப் பதில் வந்தது. இந்தப் பிள்ளைகளும் கூப்பிட்டிருப்பார்கள். இதற்கு மேல் நேற்று எழுதியதை இங்கே நீட்டிக்கொண்டு வர எனக்குத் துணிவில்லை. இதைச் செய்த நாடு ஞானஸ்நானம் பெற்றவர்கள் நிறைந்த நாடு. ஞாயிற்றுக்கிழமை ஆலய மணி அடித்த ஊர்களிலிருந்துதான் ரயில்கள் புறப்பட்டன. ஒளியைப் பற்றிப் பேசுகிற கிறிஸ்தவன் எவனும் இந்த இருட்டறை வழியாக ஒருமுறை நடந்துவிட்டுப் பேசட்டும்.

வெளியே மரங்கள். யூதர்களைக் காப்பாற்றிய பிற இனத்தார் நினைவாக நட்டவை. அவர்களில் கோரி தென் பூம் என்ற டச்சுப் பெண்மணியும் உண்டு. ஹார்லெம் நகரில் கடிகாரக் கடை நடத்திய குடும்பம். வீட்டில் யூதர்களை ஒளித்து வைத்ததற்காகப் பிடிபட்டார்கள். தகப்பன் சிறைக்காவலில் இறந்தார். கோரியின் அக்கா பெட்சி 1944 டிசம்பரில் ராவென்ஸ்புரூக் முகாமில் இறந்தார். கோரி பிழைத்தார். 1947இல் மியூனிக்கில் அவர் பேசிய ஒரு கூட்டம் முடிந்ததும் அந்த முகாமின் பழைய காவலர் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக் கையை நீட்டினார். தன் கை எழவே இல்லை என்று கோரி பின்னாளில் எழுதினார். மன்னிக்க அவரிடம் ஒன்றும் இல்லை. இல்லை என்று கர்த்தரிடம் சொல்லி, உதவி கேட்ட பிறகுதான் கை நீண்டது. கிருபை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற காரியம் இவ்வளவு கனமானது. கேட்டவர் காவலர் என்பதையும், நீட்டிய கையை மறுக்கும் உரிமை எல்லாம் கோரிக்கு இருந்தது என்பதையும் நான் மறக்க விரும்பவில்லை.

பஸ்ஸில் யாரும் பேசவில்லை. மதியச் சாப்பாடு வரை.

நவம்பர் 23, சனி. கல்லறை

இயேசுவின் கல்லறை இருக்கும் இடமென்று உலகமெல்லாம் கிறிஸ்தவர்கள் புனிதமாகக் கருதும் இந்த எருசலேம் ஆலயத்துக்குள் ஆறு சபைகள் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கின்றன: கிரேக்கர், லத்தீனர், ஆர்மீனியர், காப்டிக்கர், சிரியர், எத்தியோப்பியர். ஒருவரை ஒருவர் நம்பாததால் என்று சொல்கிறார்கள், வாசல் சாவி நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பத்திடமும், திறந்து மூடும் பொறுப்பு இன்னொரு முஸ்லிம் குடும்பத்திடமும் இருக்கின்றன. முகப்பின் மேல்மாடத்தில் ஒரு மர ஏணி 18ஆம் நூற்றாண்டிலிருந்தே நிற்கிறது. நகர்த்தினால் யாருடைய உரிமை மீறப்படும் என்ற பயம். 2008இல் துறவிகள் இங்கே கைகலந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. வழிகாட்டி இதையெல்லாம் நகைச்சுவையாகச் சொன்னார். நான் சிரித்தேன், பிறகு எங்கள் சபைத் தேர்தலை நினைத்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

மகதலேனா மரியாள் கல்லறைக்கு வந்தது அதிக இருட்டோடே என்கிறார் யோவான். உயிர்த்தவரை நேருக்கு நேர் பார்த்தும் தோட்டக்காரன் என்று நினைத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அக்கா இதை வரிசையில் நிற்கும்போது சொன்னார். "அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை தம்பி. அழுத கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். கல்லறை அறைக்குள் ஒரு நேரத்தில் மூன்று நான்கு பேர்தான் போகலாம். முழந்தாளிட்டேன். மேலே விளக்குகள் தொங்கின, பளிங்குப் பலகை வழவழப்பாக இருந்தது. மனம் வெறுமையாகக் கிடந்தது, ஜெபிக்க ஒரு சொல்கூட வரவில்லை. வாசலில் நின்ற துறவி விரலைச் சொடுக்கினார். வெளியே வந்துவிட்டேன்.

பின்னாலேயே அக்காவும் வந்தார், கோபமாக.

"நோட்டில் பாதிகூட முடியவில்லை. அதற்குள் அந்தச் சாமியார் தோளைத் தட்டுகிறார்."

"கர்த்தருக்குத் தெரியாத பெயர்களா அக்கா?"

"அவருக்குத் தெரியும். நான் சொல்கிறேன் என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேனே."

பஸ் புறப்பட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அக்கா மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனார். நானும் போனேன். நோட்டிலிருந்து நடுத்தாளை மெல்லப் பிரித்து எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"இந்தப் பக்கம் உங்களுக்கு. நீங்கள்தான் உள்ளே சும்மா இருந்தேன் என்றீர்களே."

முப்பது பெயருக்கு மேல் இருந்தது. எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சில பெயர்களுக்கு எதிரே சிறுநீரகம், வேலை, மகன் பேசுவதில்லை என்று எழுதியிருந்தது. சிலவற்றுக்கு எதிரே ஒன்றுமில்லை.

"உங்கள் கையெழுத்து புரியவில்லை அக்கா."

"வரிசை நீளமாகத்தானே இருக்கிறது. முதலிலிருந்து படியுங்கள், திருத்துகிறேன்."